‘கம்பெனி பஸ்’ ஆட்டத்தில் மிச்சமிருந்த ஒரு ஆள்

என் பெயர் மோகனப்ரியா, வயது 28, கணவர் பெயர் விமல்ராஜ். மணிமங்கலத்தில் வாடகை வீட்டில் மாமியார் பங்கஜத்துடன் வசித்து வருகிறேன். ஒரகடத்தில் செல்போன் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அசெம்பிளி லைனில் வேலை பார்க்கிறேன். காணாமல் போன என் கணவர் சம்பந்தமாக ஏற்கெனவே விசாரிக்கப்பட்டேன். இன்று ஆய்வாளர் கேட்டதன் பேரில் மேலும் சொல்வதாவது.

என் கணவரும் அதே கம்பெனியில் லைன் லீடராக, பர்மனென்ட்டாக இருந்தார். ஷிப்ட் முடிந்து வந்து தானே கற்றுக்கொண்டு ‘கம்பெனி பஸ்’ என்று ஒரு செல்போன் விளையாட்டு செய்தார். ஓடிப்போய் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், குறுக்கே மாடு வரும், லாரி வரும், விட்டால் ஆப்சென்ட். அவ்வளவுதான் அதில் விஷயம். ஆனால் ஹாஸ்டல் பெண்கள் முதல் கேன்டீன் ஆட்கள் வரை எல்லார் போனிலும் அதுதான் ஓடியது. வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு இவரோடு செல்ஃபி எடுத்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆட்டத்தின் நடுவே வரும் விளம்பரத்தில் வந்த வருமானத்தை நம்பி வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார்.

அதன் பின்னர், பூனை மீன் பிடிக்கிற விளையாட்டு ஒன்று வந்து, எல்லாரும் அதற்குப் போய்விட்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை, சும்மா மறந்துவிட்டார்கள். இன்று எத்தனை பேர் ஆடினார்கள் என்று இவர் போனில் ஒரு எண் காட்டும். சோற்றில் கை வைத்துக்கொண்டு அதையே பார்ப்பார். எண் விழுந்துகொண்டே போனது.

அதன் பின்னர் அவர் செய்ததுதான் வினையானது. எங்களுக்குத் தெரிந்த தொழில் லைன் ஒன்றுதான். "அவுட்புட் கொறஞ்சா இன்னா பண்ணுவோம்? ஆளைப் போட்டு ஓட்டுவோம்ல" என்று, வேலை நின்றுபோன கான்ட்ராக்ட் பெண்களைக் கூட்டிவந்து, எங்கள் ஹாலில் பெஞ்சு போட்டு, பழைய போன்களைக் கொடுத்து, ஷிப்ட் பிரித்து விளையாட விட்டார். டீ பிரேக் உண்டு, ஓ.டி. உண்டு. விளம்பரத்தையும் அவர்களே தொட வேண்டும். சில நாள் எண் ஏறியது. அதன் பின்னர் விளம்பரக் கம்பெனிக்காரர்கள், எல்லாம் ஒரே வீட்டிலிருந்து நடக்கும் மோசடி என்று அவருக்குப் பணம் வரும் கணக்கை முடக்கிவிட்டார்கள். "நான் இன்னா திருடிக்கினா வந்தேன்? நாலு பேருக்கு வேலதான குட்த்தேன்" என்று கேட்டார். எரிச்சலில், மறுபடி லைனில் போய் நிற்கச் சொன்னேன். போய்க் கேட்டார், கான்ட்ராக்டில்கூட எடுக்கவில்லை. மறுநாள் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் அவர் வண்டி மட்டும் நின்றது. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

இன்று காலை என் மாமியார் அந்த போனை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். தினமும் ஒரு ஆள் ஆடுவதாக அதில் காட்டுகிறது என்றும், "எம் புள்ளதான் சார், வேற யார் ஆடுவா? எங்கியோ உசுரோட கீறான்" என்றும் சொல்லியிருக்கிறார்.

அது என் கணவர் இல்லை. அது நான். ஷிப்டுக்குப் போகும்போது பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு தடவை ஆடுவேன். அவர் எங்காவது இருந்து, யார் போனிலாவது தன் கணக்கைத் திறந்து அந்த எண்ணைப் பார்த்தால், அது பூஜ்யமாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். பார்ப்பார் என்ற நம்பிக்கை இப்போது எனக்கு இல்லை. இருந்தாலும் இன்றும் ஆடினேன்.

நான் சொன்னதை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் மாமியாருக்கு மட்டும் இதைப் படித்துக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வி. மோகனப்ரியா