மிளகுக்குத் தெரிந்த ஆள்

— நாயைக் கழுத்துப் பட்டையைப் பிடிச்சு இழுக்காதேம்மா. தானா வரட்டும்.

— எப்பப்பா வரும்? காலையிலேர்ந்து வாஷிங் மெஷினுக்குப் பின்னாடியே கிடக்கு. முந்தாநாள் தடுப்பூசி போட்டதுலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல.

— ஊசி போட்டா ரெண்டு நாள் சோர்ந்துதான் கிடக்கும். தோள்பட்டையில கட்டி மாதிரி இருக்கா பாரு. தேய்க்காத. வெதுவெதுப்பான தண்ணியில துணியை நனைச்சுப் பிழிஞ்சு, சும்மா வச்சு எடு. இந்த வாரம் குளிப்பாட்டவும் வேண்டாம்.

— ம்... இருக்கு. நெல்லிக்காய் அளவுக்கு. ஐயோ, எப்படி நடுங்குது பாருங்க. மிளகு, மிளகுக்குட்டி, நான்தாண்டா.

— மூஞ்சிக்கு நேரா குனியாத. பக்கவாட்டுல உட்காரு. தட்டை வச்சுட்டு, எங்கயோ பார்த்துக்கிட்டு கொட்டாவி விடு.

— கொட்டாவியா?

— ஆமா. நீ அசதியா உட்கார்ந்திருக்கே, அதை ஒண்ணும் பண்ண வரலைன்னு அதுக்குப் புரியும்.

— எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீங்க. வாசப்படியிலேயே நின்னுக்கிட்டு சட்டம் பேசுறதுக்கு, உள்ள வந்து நீங்களே பாருங்களேன்.

— நான் வேண்டாம்மா.

— அப்பா, நாய்க் காப்பகத்துல என்ன சொன்னாங்க? நாளைக்குள்ள சாப்பிடலைன்னா திருப்பிக் கொண்டாந்து விட்டுடுங்கன்னாங்க. அங்க போனா மறுபடி கூண்டுதான். நொண்டி நாய்னு ஒரு வருஷமா யாருமே எடுக்கல இதை.

— அதான் நானும் சொல்றேன். கொண்டு போய் விட்டுடு.

— என்னது?

— மூணாவது மாடி, மூணு பேரும் வெளிய போற வீடு. எனக்கும் ரெண்டு நாளா மூக்கு ஒழுகுது. நாய் முடி ஒத்துக்கல.

— நாய் பிடிக்கிற வண்டியில வேலை பார்த்த மனுஷனுக்கு நாய் முடி ஒத்துக்கலையாம்! கேக்கிறவன் கேனையன்னா கேப்பையில நெய் வடியுதும்பாங்களாம்.

— அது அந்தக் காலம்மா.

— சரி, நேராவே கேக்கறேன். இது அம்மாவைப் பார்த்து நடுங்கல. கேஸ் சிலிண்டர் தூக்கிட்டு வந்த ஆளைக்கூட மோந்து பார்த்துச்சு. நீங்க முதல் நாள் வந்து "ச்சு ச்சு"ன்னீங்க, நின்ன இடத்துலயே ஒண்ணுக்குப் போயிடுச்சு. மாடிப்படியில உங்க செருப்புச் சத்தம் கேட்டாலே மெஷினுக்குப் பின்னாடி ஓடுது. உங்களுக்கு மட்டும் ஏன்ப்பா?

— நாய் பிடிச்சவன் வாசனை லேசுல போகாதும்மா.

— பன்னெண்டு வருஷம் கழிச்சுமா? மிளகுக்கு வயசே மூணுதான். நீங்க வலையை விட்டுட்டு ஆபீஸுக்கு மாறினப்போ இது பிறக்கவே இல்லியே.

— அம்மா எங்க?

— கடைக்குப் போயிருக்காங்க. பேச்சை மாத்தாதீங்க.

— என்னை ஆபீஸுக்கு மாத்தவே இல்லம்மா.

— என்ன சொல்றீங்க?

— இன்னைக்கு வரைக்கும் வலைதான். அதே வண்டிதான். காலையில வெள்ளைச் சட்டையில போவேன், ஷெட்டுல காக்கி மாத்திக்குவேன். சாயங்காலம் ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிச்சுட்டு, மறுபடி வெள்ளைச் சட்டையில வருவேன்.

— அப்ப சட்டைப் பையில குத்தியிருக்கிற பேனா?

— அதுல மை தீர்ந்து பத்து வருஷம் ஆச்சு.

— சிரிக்க வைக்காதீங்க, எனக்குக் கோவமா வருது. அம்மாவுக்குத் தெரியுமா?

— காக்கியை வாரம் ஒருதரம் துவைக்கணுமே. அவகிட்ட எப்படி மறைக்கிறது?

— அப்படின்னா மிளகைப் பிடிச்சது...

— நான்தான். போன வருஷம், பஸ் டிப்போவுக்குப் பின்னாடி. லாரிக்கு அடியில பூந்துக்கிச்சு, வலை வீச முடியல. ஒரு பன்னு வாங்கிட்டு வந்து கையில வச்சுக்கிட்டு, "ச்சு ச்சு"ன்னு கூப்பிட்டேன். அது கொஞ்ச நேரம் யோசிச்சுதும்மா. அப்புறம் வாலை ஆட்டிக்கிட்டே வந்துச்சு. முதல்ல என் கையைத்தான் நக்கிச்சு, பன்னை இல்ல. பின்னாடி நின்னவன் வலையைப் போட்டுட்டான். ஏத்துறப்போ துள்ளினதுல கால் வண்டிக் கதவுல மாட்டிக்கிச்சு. தெருவுல திருப்பி விட முடியாம காப்பகத்துல சேர்த்தோம். அந்த நொண்டி நான் குடுத்தது.

— ஐயோ அப்பா.

— பிடிச்சாத்தானே ஊசி போட முடியும்? போடலைன்னா ஊருக்கே ஆபத்து. யாராவது செஞ்சுதானே ஆகணும். வேலைக்கு நான் வெட்கப்படலம்மா. ஆனா கையை நக்கின ஜீவனை ஏமாத்திட்டேனே, அதை நினைச்சா கூசுது. நீ இதைக் கையில ஏந்திக்கிட்டு வந்து நின்னப்போ, எனக்குப் பூமி பிளந்து உள்ள போயிடலாமான்னு இருந்துச்சு. அதுக்கு என்னை அடையாளம் தெரிஞ்சுபோச்சு, எனக்கும் தெரிஞ்சுபோச்சு. நான் வேணா கொஞ்ச நாள் ஷெட்டுல படுத்துக்கறேன். அது நிம்மதியா சாப்பிடட்டும்.

— ஒருத்தரும் எங்கயும் போக வேண்டாம். அதுவும் போகாது, நீங்களும் போக மாட்டீங்க. காப்பகத்துக்குப் போன் பண்ணி நான் பேசிக்கறேன். மாசக்கணக்கானாலும் மெல்லப் பழகட்டும்.

— கத்தாத. மூக்கு வெளிய வந்திருக்கு.

— உங்க பக்கமாவா?

— இல்ல. தட்டுப் பக்கமா.

— சரி, மெதுவாவே கேக்கறேன். நாய் விஷயத்துல எனக்குக் கோவம் இல்லப்பா. பன்னெண்டு வருஷம்! பெத்த பொண்ணுகிட்ட எதுக்கு இந்த வேஷம்? வேலைக்கு வெட்கப்படலைன்னு இப்பதானே சொன்னீங்க? அப்புறம் எதுக்கு வெள்ளைச் சட்டை, எதுக்கு மை இல்லாத பேனா?

— விடும்மா. நடந்தது நடந்துபோச்சு.

— விட மாட்டேன். நான் என்ன உங்களைக் குறைச்சலா நினைச்சிருப்பேனா? இவ்வளவுதானா நீங்க என்னைப் புரிஞ்சுக்கிட்டது?

— நீயும்தானே சந்தோஷப்பட்டே. ஆபீஸுன்னதும் வீட்டுக்குள்ள எப்படிக் குதிச்சே, ஞாபகம் இருக்கா? பக்கத்து வீடு, மேல் வீடுன்னு ஓடி ஓடிச் சொன்னே.

— அதைச் சொல்லாதீங்கப்பா.

— ஏன்? நல்லாத்தான் இருந்துச்சு, பார்க்க.

— சொல்லாதீங்கன்னா சொல்லாதீங்க. நான் ஏன் குதிச்சேன்னு உங்களுக்குத் தெரியாது.

— அழாதே, அது பயந்துக்கும். எப்பவோ குழந்தையில குதிச்சதுக்கு இப்ப என்ன?

— எட்டாவது படிச்சப்போ ஒருநாள், ஸ்கூல் கேட்டுகிட்ட உங்க வண்டி நின்னுச்சு. நீங்க வலையைத் தோள்ல போட்டுக்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சீங்க. கூட வந்தவ, "யாருடி அந்த நாய் பிடிக்கிற ஆளு, உன்னைப் பார்த்துச் சிரிக்கிறான்"னு கேட்டா. நான் யாருன்னே தெரியாதுன்னுட்டேன்ப்பா. "லூசு போல இருக்கு, வா"ன்னு அவ கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனேன். இத்தனை வருஷமா இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நல்லவேளை, அப்பாவுக்குக் கேட்டிருக்காதுன்னு நினைச்சு நினைச்சுத்தான் நாளை ஓட்டிக்கிட்டிருக்கேன்.

— கேட்டுச்சும்மா. அன்னைக்குச் சாயங்காலம்தான் என்னை ஆபீஸுக்கு மாத்தினாங்க.