சேரனுக்குக் காது கேட்கும்

ஹலோ... சார், நான் சங்கவி, திண்டிவனம் எமர்ஜென்சி டாக்டர்... ஆமா சார், காலையில சொன்னேனே, பாம்புக்கடி, சேரன்னு... இல்ல சார், இன்னும் விழுப்புரம் உங்க ஆஸ்பத்திரிக்கு வந்து சேரல. விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு இந்தாண்டையே மாட்டிக்கினோம். கரும்பு லாரி ஒண்ணு ரோட்டுக்குக் குறுக்கால சாஞ்சி கெடக்கு. முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் வண்டிங்க அடைச்சிக்கினு நிக்குது...

ஆமா, ஆமா, தொண்டையில விட்ட ட்யூப் சரியாத்தான் இருக்கு. ஆம்புலன்ஸ்ல இருந்த வெண்டிலேட்டர் நின்னுபோச்சு சார். கையாலதான் பையை அமுக்கி மூச்சு குடுத்துக்கினு இருக்கேன்... டெக்னீஷியன் பூவரசன் இருக்கார், மாத்தி மாத்தி அமுக்கறோம். போனை சேரன் சம்சாரம் வெண்ணிலாக்கா என் காதுல பிடிச்சிக்கினு இருக்காங்க...

கட்டுவிரியன்தான் சார். மோட்டார் கொட்டாயில தரையில படுத்திருந்தார். விடியக்காலம் வயித்துவலின்னு எழுந்திருக்கார், கண்ணு இமை தூக்கல. எங்ககிட்ட வந்தப்ப பேச்சே குழறிடுச்சு... குடுத்தாச்சு சார், விஷமுறிவு மருந்து முழுசாப் போயிடுச்சு... இல்ல, இப்ப சுத்தமா அசைவே இல்ல. கண்ணுல லைட் அடிச்சா கண்பாப்பா சுருங்கல...

சார், ஒரு நிமிஷம்.

பெரியதம்பி அண்ணே, கதவைத் திறக்காதீங்க... திறக்காதீங்கன்னு சொல்றேன்ல... உக்காருங்க.

சார், அவரோட அண்ணன். அவரும் செல்போன் லைட்டைக் கண்ணுல அடிச்சிப் பாத்துட்டார். தம்பி போயிட்டான், ஆஸ்பத்திரிக்குப் போனா அறுத்துக் கட்டிக் குடுப்பாங்க, வண்டியத் திருப்பு, வீட்டுக்குத் தூக்கிக்கினு போறோம்ங்கறார்... சொன்னேன் சார். விஷம் நரம்பைக் கட்டிப் போட்டிருக்கு, உயிர் இருக்குன்னு சொன்னேன். நான் சின்னப்பொண்ணு, சும்மா சமாதானம் பண்றேன்னு நெனைக்கிறார்...

எது சார்?... ஆமா, நம்ம ஆராய்ச்சியில இருந்த அந்தம்மா. ஞாபகம் இருக்கு. சொல்றேன் சார், நீங்க லைன்லயே இருங்க.

அண்ணே, கேளுங்க. எங்க சாரும் நானும் இந்தப் பாம்பு கடிச்சவங்களை வச்சி ஆராய்ச்சி பண்ணோம். அதுல ஒரு அம்மா இதே மாதிரிதான் கெடந்தாங்க, ஒரு விரல் அசையல. சொந்தக்காரங்க பக்கத்துல நின்னு பாடைக்கு யாரு சொல்றதுன்னு பேசியிருக்காங்க. அந்தம்மா பொழச்சி எழுந்து உக்காந்து, யாரு யாரு என்ன பேசினாங்கன்னு ஒண்ணு விடாம எங்ககிட்ட சொன்னாங்க. எல்லாம் காதுல விழுந்துச்சாம், வாய்தான் திறக்க முடியலையாம்...

பூவரசன், கொஞ்சம் நீங்க பிடிங்க, கை மரத்துப்போச்சு. அவசரப்படாம, நிதானமா.

சார்... ஆமா, கேட்டுட்டார். இருங்க, சேரனுக்கு நாடித்துடிப்பு ஏறிக்கினே போகுது சார்... இல்ல, ஆக்சிஜன் நல்லாத்தான் இருக்கு. ட்யூபும் நகரல, ரெண்டு பக்கமும் காத்து போகுது... ஆமா சார், இப்பதான். வீட்டுக்குத் தூக்கிக்கினு போறோம்னு அண்ணன் சத்தம் போட்டாரே, அப்பதான் ஆரம்பிச்சது...

தூக்க மருந்து கொஞ்சமாத்தான் குடுத்தேன் சார், பிரஷர் இறங்கிடுமோன்னு பயம். தெளிஞ்சிருக்கும்... ஐயோ, அப்ப முழிச்சிக்கினுதான் இருக்கார். இவ்வளவு நேரம் நாங்க பேசினது எல்லாம்... சரி சார், பிரஷர் இப்ப பரவால்ல, தூக்க மருந்தை ஊசியில எடுத்து வச்சிக்கறேன்.

வெண்ணிலாக்கா, அழாதீங்க. போன் நழுவுது பாருங்க. அவர்கிட்ட பேசுங்க... என்ன வேணா பேசுங்க. கூடத்தான் இருக்கேன்னு சொல்லுங்க...

சார், துடிப்பு இறங்குது. கொஞ்சம் கொஞ்சமா இறங்குது... அண்ணனும் துடிப்பு காட்டற மெஷினையேதான் பாத்துக்கினு இருக்கார்.

சொல்லுங்க சார்... அப்படியா. எதிர்த்தாப்புல உங்க வண்டி வந்து நிக்குதா? லாரிக்கு அந்தாண்டையா?... தெரியுது, தெரியுது, நீல லைட் சுத்துது. அதுல வெண்டிலேட்டர்?... ஓடுதா. சரி சார். ஸ்ட்ரெச்சரோட தூக்கிக்கினு வயல் ஓரமா சுத்தித்தான் வரணும். சேறு சார், கரும்பு வேற கொட்டிக் கெடக்கு. நாலு ஆள் வேணும், பையை விட்டுட்டு நான் தூக்க முடியாது...

அண்ணே, எங்க இறங்கறீங்க?... அண்ணே...

சார், கதவைத் திறந்துக்கினு இறங்கிட்டார்... தெரியல. லாரி டிரைவருங்ககிட்ட போறார்... கையைக் காட்டறார். ஆளுங்க வர்றாங்க சார். கூட்டிக்கினுதான் வர்றார்.

வாங்கண்ணே. தலைமாட்டுல நீங்க பிடிங்க. இருங்க, தூக்கறதுக்கு முன்னாடி தூக்க மருந்து போட்டுடறேன்... என்னண்ணே?... பேசணுமா? பேசுங்க, மருந்து ஏறிட்டா கேக்காது, இப்பவே பேசுங்க. கிட்டப் போய்... கேக்கும்ண்ணே. நல்லாக் கேக்கும்.

சார், வச்சிடறேன். இனிமே எல்லார் கையும் வேணும்.