சேர்த்து வைத்த விடுப்பு

ரயிலில் உட்கார்ந்திருப்பதும் வேலைதான் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி இரவு போய்ச் சேர்ந்தால், அந்த ஞாயிறு யார் கணக்கிலும் வராது. இப்போது வருகிறது. அலுவல் நேரத்துக்கு வெளியே பயணத்தில் கழிந்த பொழுதை விடுப்பாகத் திருப்பித் தருகிறார்கள். வண்டி தாமதமாகி நடைமேடையில் காத்திருந்தால் அதுவும் சேரும். விடுதியில் போய்ப் படுத்துவிட்டால் சேராது. வீட்டிலிருந்து நிலையம் வரை போவதும் சேராது. நியாயமான விதி. உங்கள் துறையிலும் இருக்கும். நீங்கள் எடுத்திருக்க மாட்டீர்கள், கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது.

எங்கள் அலுவலகத்தில் அதற்குத் தூக்க விடுப்பு என்று பெயர்.

"வண்டியில தூங்கினா சம்பளம். அப்படித் தூங்கினதுக்கு வீட்டுல தூங்க லீவு. மாப்பிள்ளைங்களுக்குக்கூட இந்த வாழ்வு கிடையாதுய்யா" என்பார் தலைமை எழுத்தர்.

எனக்கு அடுத்த மேசைக்காரனை அரைநாள் என்றுதான் கூப்பிடுவோம். பயணத்தில் சேர்ந்ததை அரை நாள் அரை நாளாகவே எடுத்துத் தீர்ப்பான். பிள்ளைக்குப் பல்வலி என்றால் அரை நாள். மாமியார் வருகிறாள் என்றால் அரை நாள். மாமியார் ஊருக்குப் போகிறாள் என்றால் மட்டும் முழு நாள்.

நான் எடுத்ததே இல்லை. சேர்த்து வைத்தேன்.

என் வேலை தெரியுமல்லவா? எடை ஆய்வாளர். கடைத் தராசிலிருந்து லாரி ஏறி நிற்கும் எடைமேடை வரை சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து முத்திரை வைக்க வேண்டும். அதற்காக ஒரு மரப்பெட்டி கொடுத்திருக்கிறார்கள். உள்ளே பித்தளை எடைக்கற்கள், ஒவ்வொன்றுக்கும் அதனதன் குழி. வேலை முடிந்ததும் மெல்லிய துணியால் துடைத்து, குழியில் வைத்து, பூட்டிய பிறகுதான் எழுந்திருக்கலாம். விரல் ஈரத்துக்கும் எடை உண்டு. இத்தனை வருடத்தில் என் கை அதைத் தானாகவே செய்யப் பழகிவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

என் மனைவிக்கு நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வந்தது. முதலில் மாடிப்படியில் நின்று நின்று ஏறினாள். பிறகு சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். பிறகு படுக்கை. கட்டில் அருகே ஒரு மூச்சு இயந்திரம் வந்தது. அறைக் காற்றை இழுத்து, பிராணவாயுவை மட்டும் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். பகலும் இரவும் உறுமிக்கொண்டே இருக்கும். அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தாள்.

"உங்கம்மா இல்லாத குறையத் தீர்த்துடுச்சு. நாள் பூரா முணுமுணுன்னு."

அவளுக்கு அப்படித்தான் பேச வரும். மூச்சு குறைந்த பிறகும் வாய் குறையவில்லை.

இயந்திரம் வந்த அன்று ஒன்று கேட்டாள். அன்று அவள் சிரிக்கவில்லை.

"நீங்க ஊர்ல இல்லாதப்ப நான் போயிடக் கூடாதுங்க. தனியாப் போகப் பயமா இருக்கு."

"பக்கத்துலயே இருப்பேன்" என்றேன்.

அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் முன்பைவிட அதிகமாகப் பயணம் போகத் தொடங்கினேன். உங்கள் புருவம் ஏறுகிறது. யோசித்துப் பாருங்கள். கடைசி நாட்களில் அவளோடு இருக்க விடுப்பு வேண்டும். சாதாரண விடுப்பெல்லாம் மருத்துவமனையிலேயே கரைந்துவிட்டது. மிச்சமிருந்த வழி பயணம்தான். மற்றவர்கள் தட்டிக்கழித்த தூரத்து ஊர்களை எல்லாம் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமை கிளம்புவேன், அடுத்த ஞாயிறு திரும்புவேன். மெதுவான வண்டியாகப் பார்த்து ஏறுவேன்.

கொழுந்தியாள்தான் அவளைப் பார்த்துக்கொண்டாள். மனைவியின் தங்கை. தன் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வருவாள். ஒருமுறை நான் பெட்டியும் கையுமாகக் கிளம்பும்போது வாசலில் மறித்தாள்.

"மாமா, அக்கா கூட இருக்கத்தான் இப்படி அக்காவ விட்டுட்டு ஓடுறீங்களா?"

"லீவு சேரணுமே" என்றேன்.

உள்ளேயிருந்து மனைவி சொன்னாள்: "விடுடி. அவர் சேர்த்து முடிக்கிற வரைக்கும் நான் தம் கட்டுறேன்."

மழை முடிந்த மாதத்தில் மருத்துவர் என்னை வெளியே அழைத்துப் போய், இனிச் சில வாரங்கள்தான் என்றார். அதே வாரத்தில் தலைமை எழுத்தரும் கூப்பிட்டார். பயணத்தில் சேர்த்த விடுப்பை இந்தப் பருவத்துக்குள் எடுக்காவிட்டால் காலாவதி ஆகிவிடும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது.

"எடுத்தா இப்ப எடுங்க சார். அப்புறம் ஆத்துல போட்ட மாதிரிதான். குளத்துல போட்டாலாச்சும் தேடலாம்."

இரண்டும் ஒன்றாகப் பொருந்தியது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவளுக்கு இருந்த நாட்களும் எனக்கு இருந்த நாட்களும் ஏறக்குறைய ஒன்று. மொத்தத்தையும் எடுத்தேன். கொழுந்தியாளை, "இனி நான் பாத்துக்கறேன்மா" என்று அவள் வீட்டுக்கு அனுப்பினேன்.

அந்த நாட்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்ல விரும்புகிறேன்.

என் வீட்டில் மதியத்துக்கு மேல் வெயில் எந்தச் சுவரில் விழும் என்று எனக்குத் தெரியாது. அவள் சொல்லிக்கொடுத்தாள். கட்டிலை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டோம். தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிடக் கற்றுக்கொண்டேன். கஞ்சி முதல் நாள் அடிப்பிடித்தது. "பரவால்ல, முத்திரை வெச்சுக் கொண்டாங்க" என்றாள். மாலையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசுவதைக் கேட்டு, அங்கே யார் யாரிடம் பேசுவதில்லை, ஏன் பேசுவதில்லை என்று எனக்கு விளக்கினாள். அத்தனையும் எனக்குப் புதிது. ஒருநாள் நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

"இத்தன வருஷமா நீங்க எங்க இருந்தீங்க?"

"டூர்ல."

இருமல் வரும்வரை சிரித்தாள். இருமல் நின்றதும் மறுபடி சிரித்தாள்.

அவளைக் குளியலறைக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போவேன். என் கைக்கு எடை தெரியும். கடைக்காரன் தட்டில் வைப்பதைப் பார்த்தே எவ்வளவு குறையும் என்று சொல்லிவிடுவேன். முதல் வாரம் அவள் காய்ந்த துணி மூட்டை மாதிரி இருந்தாள். இரண்டாம் வாரம் அப்படியே. மூன்றாம் வாரத்தில் ஒருநாள் தூக்கும்போது என் கை நின்றது. எடை கூடியிருந்தாள். மறுநாள் இன்னும் கொஞ்சம். யாரிடமும் சொல்லவில்லை. கண்பட்டுவிடும் என்று பயந்தேன்.

மருத்துவர் வந்து நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். முதுகிலும் கேட்டார். பிறகு என் தோளைத் தட்டினார்.

"என்ன மருந்து குடுத்தீங்க? இப்படியே போனா கோடையத் தாண்டிடுவாங்க. அதுக்கு மேலயும் பாக்கலாம்."

"மருந்து இவர்தான் டாக்டர். ஆனா மாசக் கடைசியோட ஸ்டாக் தீர்ந்துடும்" என்றாள் மனைவி.

நான் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டதாகத்தான் நினைவு. அவர் போன பிறகு சமையலறையில் நின்று நாட்காட்டியைப் பார்த்தேன். விடுப்பு முடிகிற மறுநாளே மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பயணம் போட்டிருந்தார்கள். போகவே இரண்டு நாள் ஆகும். அதன் பிறகு இன்னொன்று. கையில் விடுப்பு மிச்சமில்லை. கோடைக்குள் எந்த நாளில் வேண்டுமானாலும் அவள் போகலாம். நான் ஏதோ ஒரு நடைமேடையில் நின்றுகொண்டிருப்பேன். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

கடைசி வாரம் என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவளே பேச்சை எடுத்தாள்.

"ஏன் இப்படி மூஞ்சிய வெச்சிருக்கீங்க? கவலைப்படாதீங்க. உங்க லீவு தீர்றதுக்குள்ள போய்ச் சேர்ந்துடறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொன்னாள்.

விடுப்பின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவள் தலையைப் பின்னிவிட்டேன். கோணலாக வந்தது. மதியம் கஞ்சியை முழுவதும் குடித்தாள், இன்னும் கேட்டாள். வெயில் அவள் சொன்ன சுவருக்கு வந்தது. மறுநாள் காலை கொழுந்தியாள் வந்துவிடுவாள் என்று பேசிக்கொண்டோம். "இந்தத் தடவ எனக்கு ஏதாவது வாங்கிட்டு வாங்க. ஒருதடவையும் வாங்கினதில்ல" என்றாள். என்ன வேண்டும் என்று கேட்டேன். "நீங்களே யோசிங்க" என்று சொல்லிக் கண்ணை மூடினாள்.

அவள் தூங்கியதும் சுவரில் இருந்த பொத்தானை அணைத்தேன்.

அந்த உறுமல் நின்றதும் வீடு முழுவதும் காது அடைத்தது போல் ஆயிற்று. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு மூக்குக் குழாயை எடுத்தேன். துணியால் துடைத்தேன். சுருட்டினேன். இயந்திரம் வந்த அட்டைப்பெட்டியில் வைத்து மூடினேன். அதற்குப் பிறகுதான் மருத்துவருக்குச் சொன்னேன். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றேன். அவர் நம்பினார். இத்தனை நாள் தாக்குப்பிடித்ததே பெரிது என்றார். வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். கொடுத்துவைத்தவள், புருஷன் பக்கத்தில் இருக்கும்போதே போய்விட்டாள். தலைமை எழுத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நாள் தள்ளிப் போயிருந்தா நீங்க வண்டியில இருந்திருப்பீங்க சார்" என்று அழுதார். நானும் அழுதேன். அது பொய் அழுகை இல்லை. இப்போதும் இல்லை.

கொழுந்தியாள் மட்டும் அழவில்லை. அட்டைப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அக்கா போனதும் டாக்டருக்குச் சொன்னீங்களா? இல்ல, இதத் துடைச்சு வெச்சிட்டுச் சொன்னீங்களா?"

கதவோரம் நின்ற என் பயணப் பையையும் எடைப்பெட்டியையும் பார்த்தாள். பிறகு இன்னொன்று கேட்டாள்.

"கடைசியா அவ கையப் பிடிச்சிட்டிருந்தீங்களா?"

"ஆமாம்மா" என்றேன்.

அவள் புகாரோடு உங்களிடம் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் வந்திருப்பேன்.

அரைநாளை விசாரித்தீர்கள் என்று தெரியும். அவன் சொன்னது உண்மை. அந்த ஞாயிறு, அவள் கஞ்சி குடிக்கும் முன்பு, அவன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அண்ணே, நாளைக்கு நீங்க டூர் கிளம்ப வேணாம். ஆபீசர் மேடம்கிட்ட பேசிட்டேன், ஹெட் கிளார்க்குக்கு நாளைக்குச் சொல்லிக்கலாம். மலைப்பக்கம் நான் போறேன். கோடை முடியிற வரைக்கும் உங்க டூரெல்லாம் நாங்க பிரிச்சுக்கறோம். நீங்க ஆபீஸ் வந்து கையெழுத்துப் போட்டுட்டு சாயங்காலம் அண்ணிகிட்ட போங்க. என் அரை நாளையும் உங்க பேர்ல எழுதச் சொல்லிட்டேன். அதுக்கு விதி இல்லையாம். மேடம் கண்ண மூடிக்கறேன்னாங்க."

"சரிப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"யாருங்க?" என்று கேட்டாள். "ஆபீஸ்" என்றேன்.

பிறகு பை அடுக்கினேன். சட்டைகள், சவரச் சாமான், துண்டு. நீங்கள் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். போக வேண்டாம் என்று தெரிந்த பிறகு ஏன் பை அடுக்கினாய் என்று. பழக்கம் என்றுதான் நேற்றுச் சொன்னேன். இன்றும் அப்படித்தான் எழுதிக்கொள்ளுங்கள். கோடை முழுவதும் தினமும் சாயங்காலம் அந்த அறைக்குள் போவது, அவளைத் தூக்குவது, அவள் சிரிப்பது, அதன் பிறகு ஒருநாள் எப்படியும் அது. அதையெல்லாம் நான் யோசித்தேனா என்று கேட்டால், யோசித்ததாக நினைவில்லை.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். கொழுந்தியாளிடம் பொய் சொல்லிவிட்டேன். நான் கையைப் பிடித்திருக்கவில்லை. பொத்தானை அணைத்துவிட்டு முன்னறைக்கு வந்தேன். எடைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கற்களைத் துடைத்தேன். பெரியதிலிருந்து சின்னது வரை. உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டாள். சத்தமாக இல்லை. பால் பொங்கினால் கூப்பிடுவாளே, அந்த மாதிரி. "என்னங்க." கொஞ்சம் கழித்து மறுபடியும், "என்னங்க." நான் ஒரு கல்லை அதன் குழியில் வைத்தேன். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். நான் ஊரிலிருந்து வந்து பெட்டியை இறக்கி வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

பிறகு கூப்பிடவில்லை. எல்லாக் கற்களையும் வைத்துப் பூட்டிய பிறகுதான் எழுந்தேன்.

அவள் பயந்தபடி நடக்கவில்லை, ஐயா. நான் ஊரில் இல்லாதபோது அவள் போகவில்லை. நான் வீட்டில்தான் இருந்தேன்.