மழையிலும் திறக்காத பூட்டு

மழை நேரத்தில் வீட்டு டிவியில் புள்ளி விழுந்தால் யாரும் அதை அணைத்துவிடுவதில்லை. புள்ளிகளுக்கு நடுவே பார்த்துக்கொள்வோம். நான் செய்த பூட்டில் அது நடக்காது, ஐயா. விசாரிக்க வந்திருக்கும் உங்களிடம் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

தொண்ணூற்றொன்பதில் மைசூரில் எங்கள் ஆஸ்பத்திரியையும் தொலைவில் காட்டோரம் இருக்கும் ராமாபுரம் சுகாதார நிலையத்தையும் செயற்கைக்கோள் வழியே வீடியோவில் இணைத்தார்கள். நோயாளியின் படமும் பேச்சும் வழியில் எவன் கையிலும் சிக்கக்கூடாது என்று, அங்கே குழப்பி அனுப்பி இங்கே சரிசெய்யும் மென்பொருள் பூட்டை எழுதியவன் நான். அதில் ஒரே குறை. பூட்டாமல் அனுப்பினால் மழையால் வரும் பிசகு வெறும் புள்ளி. பூட்டி அனுப்பினால் ஓரிடத்தில் பிசகினாலும் பின்னால் வருவதெல்லாம் குப்பை.

அன்று காலை நல்ல மழை. பூட்டைச் சோதிக்க டெல்லியிலிருந்து வந்த அதிகாரிகள் என் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ராமாபுரத்தில் செல்லக்கண்ணு என்ற பெண் வயிற்றுவலியோடு கிடந்தார். அங்கிருந்த நர்ஸ் அஞ்சலை அஜீரணம் என்றே நினைத்தார். இங்கே என் பக்கத்தில் இருந்த டாக்டர் மோகனப்ரியாவுக்கு வேறு சந்தேகம். தரையில் தூங்குகிறவரைக் கட்டுவிரியன் கடித்தால் பல்தடம்கூடத் தெரியாது. முதலில் வயிறு வலிக்கும், பிறகு இமை தொங்கும்.

"கண்ணைக் காட்டுங்க சிஸ்டர்" என்றார். அதற்குள் திரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் கலர்.

"சுரேந்தர், லாக்கை எடுத்துடுங்க. புள்ளி புள்ளியா வந்தாலும் போதும்."

இடையில் ஒரு நொடி பேச்சு மட்டும் வந்தது. செல்லக்கண்ணுவின் கணவர் ஜடையன்; டாக்டர் சொன்னது அங்கே கேட்டிருக்கிறது. "ஆரு பாத்தாலும் பரவால்லீங்க சாமி, மூடி வெக்காதீங்க." பாவம், மானத்தின் அருமை அவருக்குத் தெரியவில்லை.

திறக்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். படம் வந்துவிடும். மழைக்கு என் பூட்டு ஆகாது என்பதும் பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். "எடுத்துட்டேன் மேடம், மழைதான்" என்றேன். ஃபோன் லைன் காலையிலேயே செத்திருந்தது. விஷமுறிவு மருந்தைப் போடச் சொல்லி டாக்டர் கத்திக்கொண்டே இருந்தார். அந்தக் கத்தலும் அங்கே குப்பையாகத்தான் போயிருக்கும். மருந்து அஞ்சலையின் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது.

மழை விட்டதும் படம் அவ்வளவு துல்லியமாக வந்தது. இமைகள் பாதி மூடியபடி செல்லக்கண்ணு இறந்துகிடந்தார். டாக்டர் அழுதுகொண்டிருந்தபோது நான் அதிகாரிகள் பக்கம் திரும்பி, அந்த முகத்தைத் தொட்டுக் காட்டி, ஒரு புள்ளிகூட இல்லை பாருங்கள் என்றேன்.

பொத்தானை நான் அழுத்தவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளியாள் ஒருவர்கூட அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.