துறைமுகத்தில் ஒரு சுழல் நாற்காலி

...அதாங்க, அது நாற்காலியா இல்லையான்னே சுங்கத்துக்காரங்களுக்கு இன்னும் முடிவாகலையாம்! கண்ணு ஏன் எதிர்க்கடைப் பக்கமே போகுது? தலையைச் செவுத்துல சாய்ச்சுக்கோங்க. ஸ்டூல் கொஞ்சம் ஆடும், காலை ஊனிக்கோங்க. பேசாதீங்க, ஷேவிங் நுரை வாய்க்குள்ள போயிடும்.

அந்த எதிர் சலூன்காரன் சுத்துற நாற்காலி வாங்கிப் போட்டான். என் கஸ்டமர் பூரா அங்க போயிட்டாங்க. ரோஷம் வராதா? நானும் வெளிநாட்டுலேர்ந்து ஒண்ணு வரவழைச்சேன். ஏறும், இறங்கும், சாயும், சுத்தும். துறைமுகத்துல கிடக்கு. சுங்க அதிகாரி விட மாட்டேங்கறாரு.

அதை விளையாட்டுச் சாமான்னு பேப்பர்ல எழுதிக் குடுத்திருக்கோம்ல, அதுக்குத் தனிச் சட்டமாம். குழந்தை நக்குனா பெயிண்ட் வருமா, திருகாணி கழண்டா முழுங்குமா, எல்லாம் சோதிக்கணுமாம். ஏங்க, முடிவெட்டுற நாற்காலியை எந்தக் குழந்தை நக்கும்?

"சரி சார், அது நாற்காலிதான்"னேன். "அப்ப எழுதிக் குடுத்தது பொய்யா? பறிமுதல்தான்"ங்கறாரு. "ஐயய்யோ, விளையாட்டுச் சாமானேதான் சார்"னேன். "எங்க, விளையாடிக் காட்டுங்க"ங்கறாரு! குடோன்ல, அத்தனை பேர் முன்னாடி, ஏறி உக்காந்து சுத்துனேங்க. "ஜாலி, ஜாலி"ன்னு கத்தக்கூட செஞ்சேன். தலை கிறுகிறுத்து வாந்தி எடுத்துட்டேன். உடனே எழுதிட்டாரு மனுஷன்... விளையாடுறவங்க உடம்புக்கு ஆகாதுன்னு!

என்ன அப்படிப் பாக்கறீங்க? விளையாட்டுச் சாமான்னு யாரு எழுதச் சொன்னதுன்னா? நல்லா கேட்டீங்க போங்க! கப்பல் சரக்கை வெளிய எடுத்துக் குடுக்கறதுதான் என் மச்சினனுக்கு வேலை. "மாமா, நாற்காலின்னே போடுவோம், சட்டுனு கைக்கு வந்துடும்"னு தலைபாடா அடிச்சுக்கிட்டான். நாந்தான் விடல. விளையாட்டுச் சாமானுக்கு வரி கம்மிங்க. சுத்துனா விளையாட்டு தானே, எனக்கே சட்டம் சொல்லித் தர்றியான்னு ஒரு சத்தம் போட்டேன். இப்ப போனையே எடுக்க மாட்டேங்கறான். சொந்தக்காரனாம், சொந்தக்காரன்!

இந்தக் கடையை நம்பித்தாங்க என் குடும்பம் இருக்கு. இன்னிக்கு வந்த ஒரே ஆளு நீங்கதான். நினைச்சா வயிறு எரியுது... கத்தி நடுங்குதா? அது கோவத்துல, பயப்படாதீங்க. ஒரு கன்னம் முடிஞ்சுது பாருங்க. இருங்க, பிளேடு மாத்திட்டு வர்றேன்.

அட, எங்க எந்திரிச்சுட்டீங்க? பாதித் தாடியோடவா? ஐயா! துண்டையாவது குடுத்துட்டுப் போங்க! பாத்து, லாரி வருது...

அடப்பாவி! எதிர்க்கடை நாற்காலியில போய் உக்காந்ததும் இல்லாம, ஒரு சுத்து வேற சுத்தறாரே!