சுல்பிகாவின் முடியாத இத்தா

றாபியா: சரி, அத விடு. வந்திட்டா?

சுல்பிகா: யாரு?

றாபியா: யாரா? மந்திரியா வரப் போறாரு? அதான் புள்ள... மூணாவது.

சுல்பிகா: மதினி, ஸலாம் சொன்ன வாய் இன்னும் மூடல்ல, அதுக்குள்ள...

றாபியா: வெள்ளிக்கு வெள்ளி சாய்ந்தமருதில இருந்து கல்முனையில பஸ் மாறி மருதமுனைக்கு வாறன். ஒரு பதிலாவது கொண்டு போக வேணாமா?

சுல்பிகா: வரல்ல.

றாபியா: வரல்லயா?

சுல்பிகா: வரல்லகா! கூப்பிட்ட உடன வாறத்துக்கு அது என்ன என்ட மருமகனா?

றாபியா: ரெண்டாவது சித்திரையில வந்திச்சு. இப்ப ஆகஸ்ட். நோன்பும் புடிக்கப் போவுது...

சுல்பிகா: எனக்கு நாப்பத்தெட்டு வயசு மதினி. நிக்கப் போற காலத்துல இப்படித்தானாம், கிளினிக்ல மிட்வைப் சொன்னா. போன வருசம் ஒரு மாசத்துல ரெண்டு தரம். மறுகா மூணு மாசம் ஆளையே காணல்ல. வந்தா, குளக்கட்டு உடைஞ்ச மாதிரி. பொத்துவில் பஸ்ஸையாவது நம்பலாம்.

றாபியா: சிரிக்காத.

சுல்பிகா: சிரிக்காம? பன்னிரண்டு வயசுல இருந்து 'அய்யோ, வந்திட்டே' எண்டு அத மாசா மாசம் ஏசின ஆள் நான். இப்ப ரோசம் வந்து கோவிச்சுக்கிட்டுப் போயிட்டு. ஆ... மதினி, வருது... வருது...

றாபியா: வந்திட்டா?!

சுல்பிகா: அது இல்ல, சூடு! அந்த ஃபேனக் கூட்டுங்க. அடுப்புல ஏறி இரிந்த மாதிரி இரிக்கி. பாருங்க, கழுத்தெல்லாம் தண்ணி.

றாபியா: இந்தச் சூடுதானே உன்ட குடும்பத்தையும் கொளுத்தினது.

சுல்பிகா: ஓம். மாசி மாசம், விடியச் சுபஹு நேரம், ஊரே போர்த்திக்கிட்டுக் கிடக்கு. நான் ஃபேன நாலுல போட்டன். உங்கட தம்பிக்கு முட்டு, குளிர் பட்டா மூச்சு இழுக்கும். அவர் நிப்பாட்டினாரு. நான் போட்டன். அவர் நிப்பாட்டினாரு...

றாபியா: நீ ஒரு வாளித் தண்ணிய அவன்ட தலையில ஊத்தினாய்.

சுல்பிகா: என்ட தலையில ஊத்தத்தான் எடுத்தன். மனிசன் குறுக்க வந்திட்டாரு.

றாபியா: தொழப் பள்ளிக்குப் போக வெள்ளச் சட்டை போட்டு நிண்டவன்...

சுல்பிகா: அந்த வெள்ளச் சட்டையோட 'தலாக்' எண்டுட்டாரு. சொல்லிட்டு அவரே பயந்து வாயப் பொத்தினாரு. மூணு தரம் சொல்லல்ல, ஒண்டோட நிண்டிச்சு.

றாபியா: நீ 'வெளிய போ' எண்டு கத்தினாய்.

சுல்பிகா: கத்தினன். இப்ப கத்துறன், இப்ப அழுறன். கறிக்கு உப்புப் போட்டு, அத மறந்து மறுகா போடுறன். டீவியில யார்ட நாயோ செத்ததுக்கு விக்கி விக்கி அழுதன் மதினி. மகள் அப்னா கேட்கிறாள், 'உம்மா, அந்த நாய் உனக்கு என்ன முறை?' எண்டு.

றாபியா: காதிக் கோட்டுல காதியார் ஒழுங்கா விளங்கப்படுத்தினாருதானே?

சுல்பிகா: படுத்தினாரு. 'தங்கச்சி, தொழுகையில்லாத நாள் மூணு தரம் வரணும். மூணாவது வாறத்துக்கு முதல் அவர் ரெண்டு சாட்சி வெச்சு மீட்டுக்கொண்டன் எண்டு சொன்னாலே நீ அவர்ட பொண்டாட்டி. மூணாவது வந்திட்டா காத்திருக்கிற இத்தா முடிஞ்சுது, உறவும் முடிஞ்சுது' எண்டாரு. பாவம், மாசம் தவறாத பொம்புளைகளத்தான் அவருக்குத் தெரியும்.

றாபியா: நாட்டுல முப்பது வருசச் சண்டையே மே மாசத்தோட முடிஞ்சிட்டு. உங்கட ஃபேன் சண்டை முடியுதில்லையே.

சுல்பிகா: சண்டை முடிய எதிராளி வேணுமே. அவரு உங்கட வீட்டுல நல்லாப் படுத்திரிக்காரு. என்ன... சாப்பிடுறாரா?

றாபியா: நீ ஏன் கேட்கிறாய்?

சுல்பிகா: சும்மாதான். கருவாடு குடுக்காதீங்க, முட்டுக் கூடும்.

றாபியா: இவ்வளவு கரிசனை உள்ளவள் 'வாங்க' எண்டு ஒரு சொல்லுச் சொன்னா என்ன?

சுல்பிகா: தலாக் சொன்ன வாய் அவர்ட. வாறன் எண்டும் அந்த வாய்தான் சொல்லணும்.

றாபியா: அவனும் அப்படித்தான் நிக்கான். போ எண்டவள் வா எண்டு சொல்லட்டுமாம். ரெண்டும் ஒரே குட்டையில ஊறின மட்டை... சரி, நான் வந்த விசயத்தச் சொல்றன். கோவிக்காத.

சுல்பிகா: சொல்லுங்க.

றாபியா: தம்பிக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்திரிக்கி. வரிப்பத்தான்சேனைப் பொம்புளை. புருசன் மௌத்து, கைம்பொண்டு. அஞ்சு ஏக்கர் வயல்.

சுல்பிகா: ...எத்தின வயசாம்?

றாபியா: முப்பத்தெட்டு.

சுல்பிகா: அப்ப அவவுக்கு எல்லாம் திகதி தவறாம வருமாக்கும்.

றாபியா: அத நான் போய்க் கேட்கவா?

சுல்பிகா: ஏன், என்னட்ட வெள்ளிக்கு வெள்ளி வந்து கேட்கிறீங்கதானே! அவர் என்ன சொன்னாரு?

றாபியா: ஒண்டும் சொல்லல்ல. சிரிச்சான்.

சுல்பிகா: சிரிச்சாரா?

றாபியா: லேசா. உன்ட விசயம் முடியாம அவனுக்கு மனசு வராது. எப்ப முடியும் எண்டு ஒரு கதை சொல்லு புள்ள.

சுல்பிகா: இனி முடியிறத்துக்கு ஒண்டும் இல்ல.

றாபியா: என்ன?

சுல்பிகா: முடிஞ்சிட்டு மதினி. மூணாவது... வந்திட்டு.

றாபியா: எப்ப?!

சுல்பிகா: ஆனியில. நீங்க பலாப்பழம் கொண்டு வந்த வெள்ளி.

றாபியா: அண்டைக்கு நீ தொழுதுகிட்டு நிண்டாயே! நீ முடிக்குமட்டும் நான் வாசல்ல காத்திருந்தன்...

சுல்பிகா: தொழல்ல. உங்கட சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பாய விரிச்சன். ஒண்டும் ஓதாம சும்மா குனிஞ்சன், நிமிந்தன். நீங்க பார்த்துக்கிட்டே நிண்டீங்க, எனக்கு நிப்பாட்டவும் பயம். லுஹருக்கு நாலு ரக்அத்து. நான் ஒரு ஏழெட்டாவது போட்டிருப்பன்.

றாபியா: அடிப் பாவி...

சுல்பிகா: பாவிதான். அல்லா வயித்துல வெச்சத மறைக்கக் கூடாது எண்டு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் மறைச்சன். சொன்னா அண்டையோட எல்லாம் போச்சு. அவர் இனி வாறதெண்டா புதுசா நிக்காஹ் முடிக்கணும். பேரப்புள்ள கண்ட வயசுல மருமகன் பார்த்திருக்கக் கலியாணக் காவின் எழுதவா? அவர் வெட்கத்துலயே செத்துப் போவாரு. அடுத்த வெள்ளி வருவாரு, அடுத்த வெள்ளி வருவாரு எண்டு பார்த்துப் பார்த்தே...

றாபியா: அழாத புள்ள.

சுல்பிகா: சுனாமியில கடல் வந்த அண்டைக்கு என்ட தலமயிரச் சுத்திப் புடிச்சுப் பள்ளிட மேல்மாடிக்கு இழுத்தவரு மதினி. வீடு போச்சு, சாமான் போச்சு. கைய மட்டும் விடல்ல. அந்த மனிசன ஒரு ஃபேனுக்காகத் துலைச்சிட்டன். எனக்கு அவர் வேணும். இப்ப வந்தாலும் எனக்கு ஹராம். நானே மறைச்சு, நானே காத்து, என்னையே ஏமாத்திக்கிட்டு இரிக்கன். இப்படி ஒரு மடைச்சி உலகத்துல இரிப்பாளா?

றாபியா: இரிப்பாள். உனக்கு முன்னால ஒண்டு குந்தியிரிக்கி. கண்ணத் துடை... வரிப்பத்தான்சேனையில ஒரு பொம்புளையும் இல்ல.

சுல்பிகா: என்ன?

றாபியா: உன்ட வாயத் திறக்க வைக்க, வரக்குள்ள பஸ்ஸில இரிந்து கட்டின கதை.

சுல்பிகா: அல்லாவே! அஞ்சு ஏக்கர் வயலுமா?

றாபியா: வயலும்தான். இன்னும் கேளு. ரெண்டாவது வந்திட்டெண்டு சித்திரையில நான் போய்ச் சொன்னன்தானே? இன்னும் ஒண்டுதான் மிச்சம் எண்ட உடன தம்பிட முகம் செத்துப் போச்சு. அண்டைக்கே அஸர் தொழுதிட்டு வந்து, என்ட புருசனையும் மூத்த மகன் றிம்சானையும் முன்னால இருத்தி, 'என்ட பொண்டாட்டி சுல்பிகாவ நான் மீட்டுக்கொண்டன், நீங்க சாட்சி' எண்டு வாய் நிறையச் சொல்லிட்டான்.

சுல்பிகா: சித்திரையிலயா? அப்ப... மூணாவது வாறத்துக்கு முதலே...?

றாபியா: ஓம் புள்ள. நாலு மாசமா நீ அவன்ட பொண்டாட்டிதான். நான் வெள்ளிக்கு வெள்ளி 'வந்திட்டா' எண்டு கேட்டதெல்லாம் நீயா 'வாங்க' எண்டு சொல்லுவாய் எண்டுதான். அத அவனாத்தான் உனக்குச் சொல்லுவானாம், நான் வாயத் திறக்கக் கூடாதாம். அதுக்கு என்னட்டச் சத்தியம் வேற. வெள்ளிக்கு வெள்ளி என்னோட அதே பஸ்ஸில ஏறி, உன்ட வீட்டு ஒழுங்கை முடக்கு வரைக்கும் வந்து, நிண்டு நிண்டு பார்த்திட்டு, வெட்கப்பட்டுத் திரும்பிப் போறான். இந்தா, இப்பவும் அந்த வெயிலுக்குள்ளதான் நிக்கான், போய்க் கூப்பிடு.