குக்குறுவான் ஏன் போகலை?

—கொஞ்சம் பேசாம நில்லு தேச்சம்மா. நான் பறவைங்களைக் காதாலதான் எண்ணிட்டிருக்கேன்.

—இந்த மூடுபனியில காதை விட்டா வேற கதி ஏது? எண்ணுங்க அத்தான். சாயங்காலம் மடிக்கேரி கூட்டத்துல என் மானத்தை வாங்கப் போறீங்க. என்னதான் எண்ணுறீங்கன்னு பாக்க வந்தேன்.

—மச்சினின்னு பாத்தா கணக்குப் பொய்யாயிடும். வருஷா வருஷம் இதே வாரம், இதே பாறை.

—பறவை வகை மொத்தம் குறையவே இல்லையாமே, அக்கா சொன்னா?

—மொத்தத்துல என்ன இருக்கு? ஒரு வீட்டுல அன்னைக்கும் பத்துப் பேரு, இன்னைக்கும் பத்துப் பேரு. பாதிப் பேரு புது ஆளுன்னா அது அதே குடும்பமா? யாரு போனா, யாரு வந்தான்னு பாக்கணும்.

—சரி, யாரு வந்தா?

—மயிலு, மைனா, காக்கா. எங்கப்பா காலத்துல இந்த மலையில மயிலு ஏது? உன் தோட்டத்துல காட்டு மரத்தை வெட்டிட்டு சில்வர் ஓக் வச்சே. வெயில் விழுந்துச்சு, மயிலு ஏறி வந்துடுச்சு.

—அது என் தப்புதான், ஒத்துக்கறேன். போனது?

—பூக்கொத்தி, தேன்சிட்டு, கதிர்க்குருவி. அதுவும் உன்னாலதான். இன்னைக்குச் சொல்லத்தான் போறேன்.

—பெள்ளியப்பாங்கற உங்க பேருக்காகவே ஊரே நம்பும். பறவை வாழுற தோட்டம்னுதான் மங்களூர்க்காரங்க என் காப்பியை வாங்குறாங்க. அப்புறம் தொடக்கூட மாட்டாங்க.

—தெரியும். எனக்கும் மனசு கேக்கலை. அதுக்காக மறைக்க முடியுமா?

—குக்குறுவான் இருக்கானா?

—காது கிழியுதே, கேக்கலியா?

—அவன் மரப்பொந்துலதானே குஞ்சு பொரிப்பான்? மரத்தை வெட்டினா முதல்ல அவனில்ல போயிருக்கணும்? ஏன் போகலை?

—அதுதான் எனக்கும் பிடிபடலை.

—போன மூணுக்கும் ஒரே தீனியா?

—இல்லியே. ஒண்ணு பழம், ஒண்ணு தேன், ஒண்ணு பூச்சி.

—கூடு?

—அதுவும் வேற வேற. கதிர்க்குருவி இங்க கூடே கட்டாது. பனிக்காலத்து விருந்தாளி.

—பின்ன என்னதான் ஒத்துமை? எப்படிக் கத்தும், கத்திக் காட்டுங்களேன்.

—பூக்கொத்தி டிக் டிக்னு, ஊசியால குத்துற மாதிரி. தேன்சிட்டு கீச்சுன்னு. கதிர்க்குருவி அதைவிட மெலிசு.

—இருக்கறவங்க?

—இருவாச்சி, கரிச்சான், குக்குறுவான். எல்லாம் பெருந்தொண்டைக்காரனுங்க.

—அத்தான், உங்களுக்கு இப்ப எத்தனை வயசு?

—எழுபத்தொண்ணு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

—கோவிச்சுக்காதீங்க. வந்ததுலேருந்து நம்ம தலைக்கு மேல டிக் டிக்னு ஒண்ணு விடாம கத்துது. நான் ஏதோ பூச்சின்னு நினைச்சிட்டிருந்தேன்.

—மேலயா?

—இதோ, இந்தக் கிளையில. நிஜமாவே கேக்கலியா?

—தேச்சம்மா... இப்பவும் கத்துதா?